ஏரியில் நெய்த சேலை

ஒரு பொருளை வாங்கி, அதை வைத்து வேலையைப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. நான் சொல்ல வந்தது இன்னொரு ரகம். இவர்கள் ஒரு பொருளை வாங்குவதே அதற்கு இன்னொரு பொருள் வாங்குவதற்காகத்தான். கைப்பேசி வாங்கினால் அதற்கு உறை, உறையின் முதுகில் வளையம், அந்த வளையத்தை மாட்டுவதற்குக் காரில் ஒரு கொக்கி, கார் இல்லாததால் கொக்கி பீரோவில். சைக்கிள் வாங்கினால் எத்தனை கிலோமீட்டர் மிதித்தோம் என்று காட்ட ஒரு மீட்டர். மீட்டரில் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று ஆறு மாதமாகச் சைக்கிள் நிற்கிறது. மீட்டர் ஓடாமல் மிதித்தால் மிதித்தது வீண்தானே? இவர்களுக்குத் துணைச்சாமான்காரர் என்று நானே பெயர் வைத்திருக்கிறேன். உங்கள் தெருவில் ஒருவர் கட்டாயம் இருப்பார். இல்லை என்கிறீர்களா? அந்தப் பேச்சைக் கடைசியில் வைத்துக்கொள்வோம்.

எங்கள் ஆரணியில் இந்த ரகத்தின் முழு வளர்ச்சி பெற்ற மாதிரி ஜெயவேல். என் ஜெராக்ஸ் கடைக்கு எதிரில் ஜரிகைக் கடை வைத்திருக்கிறார். நல்ல மனிதர், யாருக்கு என்ன உதவி என்றாலும் முதல் ஆளாக வந்து நிற்பார், அதற்கான சாமான்களோடு. நாலு வருடத்துக்கு முன் ஒரு டிஜிட்டல் கேமரா வாங்கினார். உண்மையிலேயே நல்ல கேமரா. பிறகு முக்காலி வந்தது. முக்காலிக்குப் பை வந்தது. லென்ஸ் தூசியை ஊத ஒரு ரப்பர் குமிழ் வந்தது. மழையில் கேமராவுக்குப் போட ஒரு கோட்டு வந்தது. ஜெயவேலுக்கே அப்படி ஒரு கோட்டு கிடையாது, அவர் நனைந்துகொண்டேதான் கடைக்கு வருகிறார். எல்லாம் வந்தது, படம்தான் வரவில்லை. "எடுத்த படத்தைக் காட்டுங்க" என்று யாராவது கேட்டால் அவர் முகத்தில் ஒரு பொறுமை படரும்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு வரணும்பா. அது வந்துட்டா அப்புறம் பாரு" என்பார்.

இந்த ரகத்தை அடையாளம் காண வேறு எதுவும் வேண்டாம், அந்த ஒரு வாக்கியம் போதும்.

அப்படிக் கடைசியாக வந்ததுதான் ஜி.பி.எஸ். பெட்டி. தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிது. கேமராவின் தலையில், ஃபிளாஷ் மாட்டுகிற இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். அதிலிருந்து ஒரு குட்டி வயர் வந்து கேமராவின் விலாவில் செருகிக்கொள்ளும். எடுக்கிற ஒவ்வொரு படத்தோடும் அது எந்த இடத்தில் எடுத்தது என்பதையும் சேர்த்து எழுதிவிடும். எதற்கு? "நாளைக்கு எடுத்துப் பார்த்தா எங்க எடுத்தோம்னு தெரிய வேணாமா?" என்று கேட்டார். கடையையும் வீட்டையும் தவிர வேறெங்கும் போகாத மனிதருக்கு எங்கே எடுத்தோம் என்ற குழப்பம் எப்படி வரும் என்று நான் கேட்கவில்லை. அவர் மனைவி ஸ்வர்ணலதா கேட்டார். "ரவை வாங்கப் போன மனுஷன் எங்க இருக்காருன்னு எனக்குச் சொல்ற பெட்டி இருந்தா வாங்குங்க. அதுக்கு நானே காசு தரேன்."

பெட்டிக்கென்று ஒரு வழிபாட்டு முறை உண்டு. வானத்திலிருக்கும் சேட்டிலைட்டுகளை அது முதலில் கண்டுபிடிக்க வேண்டும். தேடும்போது சிவப்பு விளக்கு மினுக்கும். மூன்று கிடைத்தால் பச்சை மினுக்கும். நான்கு கிடைத்தால் பச்சை அசையாமல் நிற்கும். அப்போதுதான் படம் எடுக்கலாம். ஆனால் கேமராவுக்கு ஒரு நிமிடம் வேலை கொடுக்காவிட்டால் அது தூங்கிவிடும், அது தூங்கினால் பெட்டியும் தூங்கிவிடும், எழுந்ததும் பிடித்த நான்கையும் மறந்துவிட்டு மறுபடி சிவப்பிலிருந்து ஆரம்பிக்கும். ஆகவே பொத்தானை அரைகுறையாக அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். தினமும் காலையில் ஜெயவேல் கடை வாசலில் கேமராவை இரண்டு கையாலும் வானத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, விரலால் பொத்தானைத் தட்டியபடி நிற்பார். ஜரிகை வாங்க வந்தவர்கள் கிரகணமோ என்று அண்ணாந்து பார்ப்பார்கள்.

"மூணு வந்துடுச்சு. நாலாவது வந்துகினு இருக்கு" என்பார்.

"யாரு வராங்க?"

"சேட்டிலைட்டு."

நாலாவது வராவிட்டால் காரணம் எப்போதும் வெளியில்தான். மேகம், மின்கம்பி, எதிர் வீட்டு மாடி, ஒரு தடவை காக்கை. பெட்டியின் மேல் தவறு இருந்ததே கிடையாது.

இதுவரை இதனால் யாருக்கும் நஷ்டமில்லை. தெருவுக்கே பொழுது போயிற்று. நான் சொல்லப்போகும் அந்த வெள்ளிக்கிழமைதான் விஷயம் கையை மீறியது.

அடுத்த தெருவில் குமரேசன், சுபலட்சுமி என்று ஒரு தம்பதி. இரண்டு பேருமே நெய்பவர்கள். இத்தனை வருடமும் கடைக்காரர் கொடுத்த நூலைக் கடைக்காரர் சொன்னபடி நெய்து கடைக்காரரிடமே கொடுத்துவந்தார்கள். முதல் தடவையாகச் சுபலட்சுமி தானே ஒரு ஆர்டர் பிடித்திருந்தாள். பிடித்த இடம் ஃப்ளோரன்ஸ் டீச்சர். வந்தவாசிக்காரர், ஓய்வு பெற்றபின் பெங்களூரில் மகனோடு இருக்கிறார். இளைய மகள் ஜெபராணிக்குக் கல்யாணம். சந்தன வெள்ளையில் பட்டு, பொன் ஜரிகைக் கரை. மூத்த மகள் கல்யாணத்தின்போது யாரோ ஒருவர் ஆரணிக் கைத்தறி என்று சொல்லி வேறெங்கோ பவர்லூமில் ஓட்டிய சேலையைத் தலையில் கட்டியிருக்கிறார். அதனால் டீச்சர் இந்தத் தடவை ஒரு நிபந்தனை போட்டிருந்தார். சேலை தறியில் இருக்கும்போதே ஒரு படம் வேண்டும். படத்தில் இடமும் பதிந்திருக்க வேண்டும். அதைப் பார்த்த பிறகுதான் தறியிலிருந்து அறுக்கலாம்.

அவர் வேண்டாம் என்றுவிட்டால்? அந்தச் சேலையை ஆரணியில் யாரிடம் விற்பது? எங்கள் பக்கத்துக் கல்யாணப் பெண்ணுக்கு வெள்ளைச் சேலை எடுப்பார்களா? பதினெட்டு நாள் உழைப்பு அலமாரிக்குள் போய் உட்கார்ந்துவிடும், சுபலட்சுமியின் தனி ஆர்டர் ஆசையும் கூடவே உட்கார்ந்துவிடும். வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரைக்கு. அதற்குள் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டிச் சேலையைத் தறியிலிருந்து அறுத்துவிட வேண்டும் என்று முடிவு செய்திருந்தார்கள். மறுநாள் சனிக்கிழமை, சனிக்கிழமையில் முதல் ஆர்டரை அறுக்கச் சுபலட்சுமி சம்மதிக்கமாட்டாள். ஞாயிறு டீச்சரின் மகன் வந்து வாங்கிப்போவதாக ஏற்பாடு.

சுபலட்சுமி தன் கைப்பேசியிலேயே எடுத்து அனுப்பியிருப்பாள். விஷயம் ஜெயவேல் காதில் விழுந்ததுதான் தப்பு.

"போன்ல எடுத்தா இடம் பத்து, பன்னெண்டு மீட்டர் தள்ளிக் காட்டும்மா. என்னுது மூணு மீட்டர் துல்லியம். காலைல வரேன்" என்று சொல்லிவிட்டார். இத்தனை காலமாகப் பெட்டிக்கு ஒரு வேலை வராதா என்று காத்திருந்தவர். விடுவாரா?

காலை எட்டு மணிக்கு முக்காலி, பை, குமிழ், கோட்டு, நான் என்று எல்லாத் துணைச்சாமான்களோடும் போய் இறங்கினார். தறி வீட்டுக்குள், ஓட்டுக்குக் கீழே, ஒரே ஜன்னல். பெட்டியில் சிவப்பு மினுக்கியது. ஐந்து நிமிடம் மினுக்கியது. பத்து நிமிடம் மினுக்கியது.

"தறியக் கொஞ்சம் வாசல் பக்கம் நகர்த்த முடியுமா குமரேசா?"

குமரேசன் மரியாதையானவர். "குழித்தறிங்கண்ணா. குழியையும் தோண்டி எடுத்துகினு வரட்டுங்களா?"

ஜெயவேல் ஒரு விநாடி யோசித்தார். அந்த ஒரு விநாடிதான் எனக்குப் பயமாக இருந்தது.

இருட்டாக இருக்கிறதே, ஃபிளாஷ் போடுங்கள் என்றேன். ஃபிளாஷ் மாட்டுகிற இடத்தில்தான் பெட்டி உட்கார்ந்திருக்கிறதே! வெளிச்சம் வேண்டுமானால் இடம் கிடையாது, இடம் வேண்டுமானால் வெளிச்சம் கிடையாது. இவ்வளவு பணம் வாங்கிக்கொண்டு இப்படி ஒரு ஏற்பாட்டைச் செய்தவன் யாரோ தெரியவில்லை. சுபலட்சுமி பிள்ளையின் மேசை விளக்கைக் கொண்டுவந்து தறிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

வெளியே போனால் சேட்டிலைட் கிடைக்கும் என்று தெருவுக்கு வந்தோம். தெரு நீளத்துக்குப் பரசுராமன் வீட்டுப் பாவு கட்டியிருந்தார்கள். பட்டு இழைகள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இடுப்பு உயரத்தில் ஓடின, நாலைந்து பேர் இழை இழையாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெயவேல் கேமராவைத் தூக்கினார், வானத்தைப் பார்த்தார், எதிர் மாடி மறைக்கிறது என்று ஒரு அடி பின்னால் வைத்தார், இன்னொரு அடி வைத்தார்.

"யோவ் ஜெயவேலு! மேல பாத்துகினு பின்னால வராத!" என்று பரசுராமன் கத்தினார். "பாவு அறுந்தா யாரு முடி போடறது? உன் சேட்டிலைட்டு எறங்கி வந்து போடுமா?"

தெருவிலிருந்தும் விரட்டப்பட்டோம். மணி எட்டே முக்கால். இப்போதாவது கைப்பேசியில் எடுக்கலாமே என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. "ஏரிக்கரைக்குப் போபா, அங்க வானம் சுத்தமா இருக்கும்" என்றார் ஜெயவேல். நான் வண்டியை எடுத்தேன்.

ஏரிக்கரையில் மதகு மேடை தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் நுனியில் போய் நின்று கேமராவைத் தூக்கினார். இரண்டே நிமிடம். பச்சை! மினுக்காத, அசையாத, முழுப் பச்சை. நான்கல்ல, ஏழு சேட்டிலைட். அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அவர் கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை. நானும் கைதட்டினேன், ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

"இங்க பிடிச்சு இன்னா பண்றது? தறி அங்கல்ல இருக்கு?" என்றேன்.

"அதுக்குத்தான் பெட்டியோட வந்த புக்குல முப்பத்தேழாம் பக்கம் படிக்கணும்ன்றது. 'கடைசி நிலையைத் தக்கவை'ன்னு ஒரு செட்டிங் இருக்குது. உள்ள போய் சிக்னல் போனாலும் பிடிச்சத விடாது. பிடிச்சிகினே இருக்கும். ஜல்தி போ, குலுக்காம போ!"

கோயிலிலிருந்து கற்பூரத் தீயை அணையாமல் கொண்டுபோகிறவரைப் போல இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, பொத்தானைத் தட்டியபடியே பின்னால் உட்கார்ந்தார். ஒவ்வொரு வேகத்தடையிலும் "மெல்ல, மெல்ல" என்றார். வீடு வந்து சேர்ந்தபோது பச்சை அப்படியே நின்றது. பெட்டி எதைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறது என்று அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. பச்சையாக இருந்தது. அது போதாதா?

நாற்பத்தொரு படம் எடுத்தார். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இடம் உதிர்ந்துவிடும் என்று என் லேப்டாப்பில் ஏற்ற வேண்டியிருந்தது. முதல் வயர் சேரவில்லை, இரண்டாவது சேர்ந்தும் பேசவில்லை, மூன்றாவதுதான் வழிக்கு வந்தது. நல்லதாக ஒன்றைப் பொறுக்கி ஈமெயிலில் அனுப்பினோம். பத்து மணிக்குச் சுபலட்சுமி குங்குமத்தையும் கற்பூரத்தையும் எடுத்து வைத்தாள். பத்து ஐந்துக்கு போன் வந்தது. எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"படம் வந்துச்சும்மா. தறி எங்க போட்டிருக்கறதா சொன்ன?"

"எங்க வீட்லதாங்க டீச்சர்."

"வீடு எங்க?"

"ஆரணிங்க."

"மேப்புல பார்த்தேன். ஏரியில இருக்கு. கரையிலகூட இல்ல, தண்ணிக்குள்ள."

குமரேசன் தன்னையறியாமல் குனிந்து தறிக்குழிக்குள் பார்த்தார்.

"முப்பத்திரண்டு வருஷம் பிள்ளைங்க சொல்ற பொய்யத்தான் திருத்தினேன்" என்றது டீச்சரின் குரல். கோபம்கூட இல்லை, சலிப்பு. "எங்கயோ இருக்கற தறியப் படம் எடுத்து, ஆரணின்னு இடத்த ஒட்டப் பாத்திருக்கீங்க. ஒட்டறதுதான் ஒட்டினீங்க, தரையிலயாவது ஒட்டியிருக்கக் கூடாதா? போன தடவ ஏமாந்தது போதும்மா. எனக்கு இந்தச் சேலை வேணாம்."

ஜெயவேலுக்கு அங்கேதான் வாய் திறக்கத் தோன்றியது. "மேடம், இது மூணு மீட்டர் துல்லியம்ங்க."

"அப்போ மூணு மீட்டர் துல்லியமா ஏரிக்குள்ள இருக்கு."

சுபலட்சுமி எங்களைப் பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கண் நிறைந்து நின்றது. வண்டி ஓட்டியவன் நான். எனக்கு அந்தக் குழிக்குள்ளேயே இறங்கிவிடலாம் போல் அவமானமாக இருந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைப்பேசியைக் கையில் எடுத்தாள்.

"டீச்சர், வெச்சிடாதீங்க. வீடியோ போடறேன், ரெண்டே நிமிஷம் பாருங்க."

தறியைக் காட்டினாள். குழியில் இறங்கி மிதிகட்டையை மிதித்து, ஊடை நூலை ஓட்டும் நாடாவை ஒரு தடவை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓட்டிக் காட்டினாள். அப்படியே கைப்பேசியை நிறுத்தாமல் வாசலுக்கு வந்தாள், தெருவுக்கு வந்தாள், பாவை ஒட்டி நடந்தாள்.

"பரசுராமன் அண்ணா, டீச்சருக்குச் சொல்லுங்க. இது எந்த ஊரு?"

"இன்னாம்மா கேள்வி இது? ஆரணி!"

"ஆரணி!" என்றார் அடுத்தவர். பாவில் இருந்த அத்தனை பேரும் ஏன் எதற்கென்று தெரியாமலே, இழையிலிருந்து கையை எடுக்காமல், ஆரணி ஆரணி என்று சொல்ல ஆரம்பித்தார்கள். மாடியிலிருந்து ஒரு அம்மாவும் சொன்னார். சுபலட்சுமி தெருமுனை வரை ஓடினாள், நாங்கள் பின்னால் ஓடினோம். முனையில் ஒரு பஸ் திரும்பிக்கொண்டிருந்தது. கண்டக்டர் படியில் தொங்கியபடி "வந்தவாசி வந்தவாசி வந்தவாசி" என்று ஒரே மூச்சில் கத்தினார்.

சுபலட்சுமி கைப்பேசியைப் பஸ்ஸின் பக்கம் திருப்பினாள்.

"அது நம்ம ஊர் பஸ்ஸா?" டீச்சரின் குரல் இளகியிருந்தது. "இன்னும் அப்படியேதான் கத்தறாங்களா?"

"ஆமாங்க டீச்சர்."

"சரி, போதும்மா. மூச்சு வாங்குது உனக்கு. போய் அறு. உங்களுக்கு நேரம் காலம் பார்க்கணுமே, மணி பத்து இருபது ஆகுது."

திரும்ப ஓடினோம். கற்பூரம் ஏற்றினார்கள். ஜெயவேல் கேமராவைத் தூக்கினார், பேட்டரி கடைசிக் கோட்டில் துடித்துக்கொண்டிருந்தது; காலையிலிருந்து பெட்டி அதை உறிஞ்சித் தீர்த்திருந்தது. வேறு வழியில்லாமல் வயரைப் பிடுங்கினார், பெட்டியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார், முக்காலி விரிக்க நேரமில்லை, ஒரே ஒரு தடவை பொத்தானை அழுத்தினார். கேமரா அணைந்துவிட்டது. மணி பத்து இருபத்தேழு.

அந்த ஒரு படம் எப்படி வந்தது தெரியுமா? சுபலட்சுமியின் கையில் கத்தி, முழங்கால் மேல் வெள்ளைப் பட்டு, ஓடிவந்த வியர்வை நெற்றியில், அழுததும் தெரிகிறது, சிரிப்பும் தெரிகிறது. மேசை விளக்கின் வெளிச்சம் ஜரிகையில் இறங்கியிருக்கிறது. வந்தவாசியில் கல்யாண வரவேற்பில் அதைப் பெரிதாக்கி மண்டப வாசலிலேயே வைத்திருந்தார் டீச்சர். வந்தவர்கள் எல்லாம் அதன் முன் நின்றார்கள். இந்தப் பெண் யார் என்று கேட்டார்கள், சேலையைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார்கள், நாலு பேர் சுபலட்சுமியின் நம்பரை வாங்கிக்கொண்டார்கள். எத்தனை மீட்டர் துல்லியத்தில் எடுத்தது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. "யாரு எடுத்தது? ரொம்ப நல்லாருக்குங்க" என்று ஜெயவேலிடமே வந்து சொன்னார்கள். நாலு வருடத்தில் முதல் பாராட்டு. மனிதர் திருந்திவிட்டார் என்றே நினைத்தேன்.

திரும்பி வரும் பஸ்சில் வெகு நேரம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு பெருமூச்சு விட்டார்.

"படம் நல்லாத்தான் வந்திருக்குது ரங்கசாமி. ஆனா அதுல லொகேஷன் இல்லயேபா. அதான் பேஜாரா இருக்கு." கைப்பேசியை எடுத்து எதையோ காட்டினார். "இப்ப தனியா ஒரு ஆன்டெனா வருதாம். நீள வயரோட. ஆன்டெனாவ ஓட்டு மேல வெச்சிடலாம், நாம உள்ள தறிகிட்ட உக்காந்து எடுக்கலாம். அது வந்துட்டா அப்புறம் பாரு!"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நானும் சிரித்திருப்பேன், ஆனால் அதற்குள் என் வாய் தானாகவே "வயரு எத்தன மீட்டர்?" என்று கேட்டுவிட்டது. அன்றைக்குத்தான் இந்த ரகத்துக்கு ஆரணியில் இரண்டு மாதிரிகள் இருப்பது எனக்குத் தெரியவந்தது.

உங்கள் தெருவில் யாரும் இல்லை என்றீர்கள், ஞாபகம் இருக்கிறதா? இப்போது உண்மையைச் சொல்லுங்கள். அந்த ஆன்டெனாவைப் பற்றி ஜெயவேல் சொன்னபோது, ஓட்டுக்கும் தறிக்கும் எட்டுமா, வயர் எவ்வளவு நீளம் இருக்கும் என்று உங்களுக்கும் ஒரு நொடி தோன்றியதா, இல்லையா?

பத்து மீட்டராம்.